கோணல் எழுத்து

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதுகுவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. தையல் மெஷினுக்கும் முதுகுவலி போலிருக்கிறது, நேற்றிலிருந்து முனகிக்கொண்டே ஓடுகிறது. நீயும் உன் ஓட்டைப் படகும் சௌக்கியமா?

உன் அத்தானை வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றி அனுப்புகிறேன். பையை நான் கட்டினேன். கட்டிய பையை அவர் ஒரு தடவை சரிபார்த்தார். அவர் சரிபார்த்ததை நான் ஒரு தடவை சரிபார்த்தேன். இருமல் மருந்து, முகச்சவரத்துக்குப் பிறகு தடவும் வாசனைத் தண்ணீர், அப்புறம் தைலப் பாட்டிலில் தைலம் இல்லாத ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றினேன். நீயும் ஒரு தடவை பார்த்துவிடு. கூச்சப்படாதே, சட்டை மடிப்பு வரை பார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஈரல் பாதி போய்விட்டதாம். கோடை முடியும்வரை ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார். மறுபடியும் ஆரம்பித்தால் இங்கே கொண்டுவராதீர்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நானும் எங்கெங்கோ அனுப்பிப் பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது. கரையோரமாகத் துறைமுகம் துறைமுகமாகப் போகப்போகிறேன் என்று நீ சொன்னதும் எனக்குத் தோன்றியது, கடலுக்குத் தெருமுனை கிடையாதே என்று. எந்தத் துறைமுகத்திலும் அவரைக் கரையில் இறங்க விடாதே. தண்ணீருக்கும் தபாலுக்கும் நீ போ.

அவர் கை நடுங்கும். அதைப் பார்த்துப் பயப்படாதே, சிரித்தும் வைக்காதே. இந்த ஊர்க் கடைப் பலகைகளில் பாதியை எழுதிய கை அது. அவரை உயிரோடு கொண்டுவந்து சேர், வேறொன்றும் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா

---

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம், படகு நலம். அத்தான் நலம் என்று எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதித் தொலை" என்றார். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மெஷினுக்கு எண்ணெய் விடு. மாற்றிச் செய்துவிடாதே.

முதல் வாரம் படாதபாடு பட்டுவிட்டோம். வாந்தி, வியர்வை, தூக்கமே இல்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நங்கூரம் போட்டுப் படகு அசையாமல் நின்றபோதும் அவர் உடம்பு ஆடியது. என்னை ஜெயிலர் என்றார், உன்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறார்.

படகு வாழ்க்கையைக் கேட்டால் நீ சிரிப்பாய். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, பிறந்த குழந்தை மாதிரி தவழ்ந்துதான் போக வேண்டும். ஆளுக்கு ஒரு பலகை. சட்டை, துண்டு, தலையணை எல்லாம் உப்பு. காலையில் அடித்தட்டில் ஊறியிருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, காற்று இருந்தால் பாயை விரிப்போம், இல்லையென்றால் நான் பழுதுபார்த்த அந்த இன்ஜினைக் கெஞ்சுவோம். துறைமுகத்துக்குள் போவதில்லை. வெளியே நங்கூரம் போட்டுவிட்டு நான் மட்டும் சின்னத் தோணியில் துடுப்புப் போட்டுப் போய்வருகிறேன்.

படகுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை. அத்தான்தான் எழுத வேண்டும் என்று பிரஷ்ஷும் பெயின்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். பிரஷ்ஷைக் கையில் எடுத்தார், பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். பேனாவைப் பிடிக்க ரொம்பச் சிரமப்பட்டார். அடுத்த துறைமுகங்களின் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். தபால் நிலையத்தில் நான் வரும்வரை வைத்திருப்பார்கள்.

அன்புடன்,
தம்பி

(கீழே வேறு கையெழுத்தில், நடுங்கி, சரிந்து)
நான் இன்னும் சாகலை. நீ சாப்பிட்டாயா?

---

பிப்ரவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு தேவலை. மெஷினுக்குத்தான் ஒத்தடம் கொடுத்தேன், அதுவும் தேவலை.

வாந்தி எடுத்தாலும் கஞ்சியை விடாதே. திட்டினால் திட்டட்டும், கடலில் யார் கேட்கப்போகிறார்கள்? வீட்டில் திட்டினால்தான் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் காதை வைப்பாள்.

அவர் எழுதிய வரியைப் பார்த்தேன். என்னடா இது, கோழி கிளறிவிட்ட மாதிரி இருக்கிறது! முதல் எழுத்து மேலே, கடைசி எழுத்து பாதாளத்தில். போர்டு எழுதுகிற மனுஷன் கையெழுத்தா இது என்று கேள். கல்யாணமான புதிதில் எனக்கு எழுதுவாரே, கோடு போடாத தாளில் நூல் பிடித்த மாதிரி, அதெல்லாம் எங்கே போயிற்று என்று கேள். இதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டு. கொஞ்சம் ரோஷம் வரட்டும்.

இங்கே பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது. வெட்டிய துணிக்கு நடுவில்தான் தூங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

---

பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உட்கார்ந்துகொண்டு இதைப் படி. நல்ல செய்தி. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், இந்தத் தடவை உண்மையாகவே.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கோழி என்ற இடத்தில் நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் பாயின் நிழலில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து ஆளே மாறிவிட்டார். "மாப்ளே, நீ ஏன் காலங்காத்தால எழுந்து அடுப்போட மல்லுக்கட்டுற? அதை எங்கிட்ட விடு" என்றார். இப்போது அடுப்பு அவர் பொறுப்பு. நான் கண் விழிப்பதற்குள் டீ தயாராக இருக்கிறது. சுக்கான் பிடிக்கிறார், கயிறு சுற்றுகிறார், சமைக்கிறார், பாட்டுக்கூடப் பாடுகிறார். நன்றாகத் தூங்குகிறார்.

கை நடுக்கம் போய்விட்டது, அக்கா! போன வாரம் கடல் குளம் மாதிரி கிடந்தது. சின்னத் தோணியில் உட்கார்ந்து படகின் பின்பக்கத்தில் பெயர் எழுதினார். அளவு எடுக்கவில்லை, கோடு போடவில்லை. நான் 'கடல் ராணி' என்று எழுதச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் 'வாயாடி' என்று எழுதியிருக்கிறார்! "இது யாரு அத்தான்?" என்றேன். "உங்க அக்காவைக் கேளு" என்றார். பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்தவர்கள்கூட வந்து, இந்த எழுத்தை எழுதியது யார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆள் பிழைத்துவிட்டார், அக்கா. கடல்தான் மருந்து. உன் யோசனைக்கு ஒரு கும்பிடு.

அன்புடன்,
தம்பி

(கீழே, நேரான வரிகளில்)
வாயாடிக்கு,
இது கோழி இல்லை, பார்த்துக்கொள். கோடு போடாத தாள்தான். வேண்டுமானால் உன் அளவு டேப்பை வைத்துப் பார். கடல் நன்றாக இருக்கிறது. உன்னையும் அழைத்து வந்திருக்கலாம், இடம்தான் இல்லை, உன் வாய்க்கே ஒரு தனிப் படகு வேண்டும்.
உன் பெயின்டர்

---

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. பதில் எழுத நேரமில்லை என்று சொன்னால் பொய். மூன்று தடவை தாளை எடுத்தேன், மூன்று தடவையும் அதில் கால்சட்டை அளவைத்தான் எழுதினேன்.

அவர் எழுதியதைப் படித்தேன். ரொம்ப அழகாக இருக்கிறது. மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காலையில் எழுந்ததும் அவர் கை எப்படி இருக்கிறது? பெயர் எழுதினாரே, அது காலையிலா, சாயந்திரமா? நீ தோணியில் கரைக்குப் போகும்போது அவர் படகில் என்ன செய்கிறார்? அங்கே பாட்டிலில், டப்பாவில், டின்னில் என்னென்ன வைத்திருக்கிறாய்? சும்மாதான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் எழுது, சீக்கிரம் எழுது.

அக்கா

---

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். அத்தானுக்கு மட்டும் கொஞ்சம் பசி குறைவு.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஒரு மனுஷன் திருந்தினாலும் விடமாட்டாயா? படகின் ஒவ்வொரு பலகையையும் தூக்கிப் பார்த்துவிட்டேன். ஒரு பாட்டிலும் இல்லை. பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் கை லேசாக ஆடும், யாருக்குத்தான் ஆடாது? அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டு முடிப்பதற்குள் சரியாகிவிடும். பெயர் எழுதியது டீக்குப் பிறகு. நான் கரைக்குப் போனால் அவர் பாத்திரம் கழுவுகிறார். போதுமா?

டின்கள்: மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், பெயின்ட், அடுப்பு ஸ்பிரிட். எங்கள் பம்ப் ஸ்டவ் மண்ணெண்ணெயில் எரிவது. முதலில் அதன் கழுத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திச் சூடாக்கினால்தான் பற்றும். இந்த அடுப்பு மகா பேராசைக்காரி, ஸ்பிரிட்டை விழுங்கித் தள்ளுகிறது. கோடை வரைக்கும் வரும் என்று வாங்கிய டின் முடிந்தே போய்விட்டது. இங்கே புது டின் வாங்கினேன். இது தொழிற்சாலைகளுக்குப் போகிற சரக்கு, பட்டென்று பிடிக்கும் என்றான் கடைக்காரன்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். திசை பார்க்கும் காம்பஸுக்குள் முள் ஆடாமல் மிதப்பதற்கு ஸ்பிரிட்தான் நிரப்பியிருப்பார்கள். பார், காம்பஸுக்குக்கூடச் சரக்கு வேண்டியிருக்கிறது! அதில் திடீரென்று காற்றுக்குமிழி வந்துவிட்டது. வாஷர் போயிருக்கும் என்று புது டின்னிலிருந்து ஊற்றி நிரப்பினேன். இரண்டு நாளில் மறுபடி குமிழி. எங்கே கசிகிறது என்றே பிடிபடவில்லை.

நாளை கிளம்புகிறோம். அடுத்த துறைமுகத்துக்கு எழுது. காற்று எதிரே இருக்கிறது, கொஞ்சம் தாமதமாகலாம்.

அன்புடன்,
தம்பி

---

தந்தி
மார்ச் 25

ஸ்பிரிட்டைக் கடலில் கொட்டு. அவரைக் கரையில் டாக்டரிடம் காட்டு. உடனே. அக்கா.

---

மார்ச் 25

தம்பி,

தந்தி கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

கசிவு எங்கேயென்று உனக்குத் தெரியவில்லையா? அடுப்பு குடிக்கவில்லை, காம்பஸ் குடிக்கவில்லை. அவர் குடிக்கிறார். அந்த மனுஷனுக்கு அது ஸ்பிரிட்டும் இல்லை, எரிபொருளும் இல்லை. நீ அதை அடுப்புச் சாமான் என்று பார்த்தாய், அவர் வேறு கண்ணால் பார்த்தார். அதனால்தான் அடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உனக்குச் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். குடித்துக் குடித்துக் கை நடுங்குகிறது என்று ஊரே நினைக்கிறது, நீயும் அப்படித்தான் நினைத்தாய். நேர்மாறு. குடிக்காவிட்டால்தான் அவர் கை நடுங்கும். உள்ளே போனால் கல் மாதிரி நிற்கும். பெரிய பெரிய பலகைகளை எல்லாம் அப்படித்தான் எழுதினார். நேரான அந்த நாலு வரியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை உண்மையிலேயே தேறியிருப்பாரோ என்று ஆசைப்பட்டு நாளைக் கடத்தினேன். அவ்வளவு வருஷம் கழித்து 'வாயாடி' என்று கூப்பிட்டிருந்தாரடா, நான் என்ன செய்வேன்?

தொழிற்சாலைக்குப் போகிற ஸ்பிரிட் விஷம். எங்கள் தெரு தச்சர் வார்னிஷ் ஸ்பிரிட் குடித்துப் போனது உனக்கு ஞாபகம் இல்லையா? இதைப் படித்த நிமிஷமே டின்னைக் கொட்டு. காம்பஸையும் கழற்றிக் கொட்டு. வழி தெரியாவிட்டால் கரையைப் பார்த்து ஓட்டு.

அக்கா

---

ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தப் பக்கமாகப் போன ஒரு மீன்பிடிப் படகுக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் இன்னும் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேரவில்லை. எதிர்க்காற்று, ஒதுங்கியிருக்கிறோம். ஒரு கழிமுகத்துக்குள் நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம். மழை, சேறு, கொசு. இங்கே தபாலும் இல்லை, மனுஷரும் இல்லை. உன் கடிதம் அங்கே எனக்காகக் காத்திருக்கும்.

அத்தானுக்கு உடம்பு சரியில்லை. வயிற்றுவலி, வாந்தி. இங்கே பிடித்த தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன், காய்ச்சிக் குடிக்கிறோம். அதைவிட அவர் கண்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பனிக்குள் நிற்கிற மாதிரி எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்கிறார். மழை நாளில் எங்கிருந்து பனி? முதலில் வெயில் கூச்சம் என்று தொப்பி கொடுத்தேன். நேற்று, "மாப்ளே, பேரு எழுதின பெயின்ட் அழிஞ்சு போச்சா?" என்று கேட்டார். எழுத்து பளபளவென்று அப்படியே இருக்கிறது. அழியவில்லை என்று சொன்னேன்.

ஆனாலும் டீயை அவர்தான் போடுகிறார், தடவித் தடவி. நான் போடுகிறேன் என்றால் கோபம் வருகிறது. கண்ணுக்கு என்ன சொட்டு மருந்து விடலாம் என்று உங்கள் டாக்டரைக் கேட்டு எழுது.

காற்று திரும்பியதும் கிளம்புவோம்.

அன்புடன்,
தம்பி

---

ஏப்ரல் 12

அக்கா,

அத்தான் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். துறைமுக ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும், அதில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தோம். உடம்பு சரியில்லையே, டாக்டரிடம் போகலாம் என்று இந்தத் தடவை துறைமுகத்துக்குள்ளேயே வந்தேன். கட்டுவதற்குக் கரையிலிருந்து கயிறு வீசினார்கள். கயிறு அவர் நெஞ்சில் பட்டுக் காலடியில் விழுந்தது. அவர் கையை நீட்டியபடி, கயிறு இன்னும் வரவில்லை என்று நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் எங்கே என்று விசாரிக்க ஓடினேன். தபால் நிலையம் வழியில்தான் இருந்தது. உன் தந்தியும் கடிதமும் தூசி படிந்து கிடந்தன. அங்கேயே நின்று படித்தேன். திரும்பி ஓடிவந்தால், எனக்காக டீ போட்டு வைத்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த டின். நான் வந்த சத்தம் கேட்டதும், "வந்துட்டியா? தெரிஞ்சு போச்சா?" என்றார். மறைக்கக்கூட முயலவில்லை. நான் டின்னைப் பிடுங்கினேன். கையை ஓங்கினேன், அக்கா. அடிக்கவில்லை.

கண் இரண்டும் போய்விட்டது. திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆளே இல்லை என்றார். ஈரலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம்.

அந்த ஸ்பிரிட்டை வாங்கிக் கொடுத்தவன் நான். காம்பஸில் வாஷரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பட்டனைக்கூடத் தடவிப் பார்த்தவன், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

"ஏன் அத்தான், ஒரு மாசம் தாக்குப் பிடிச்சீங்களே, அப்புறம் ஏன்?" என்று கேட்டேன். காரணம் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. நேரில் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

இங்கே வந்ததிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. நேற்று தாளும் பேனாவும் கேட்டார். நான் எழுதுகிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். "வேண்டாம்டா, இது நான் எழுத வேண்டியது" என்றார். கை பழையபடி நடுங்குகிறது. வரி மேல் வரி விழுந்து கிடக்கிறது. என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. உனக்கு வேதனையாக இருக்குமே, அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அனுப்புகிறேன்.

திட்டியாவது எழுது.

தம்பி

---

ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரியில் நோயாளியைவிடக் கூட இருப்பவன்தான் முதலில் படுத்துவிடுவான், பார்த்துக்கொள்.

உன்னைத் திட்டப்போவதில்லை. திட்டித் திட்டித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

நீ எழுதாமல் விட்ட காரணத்தை நானே எழுதிவிடுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று நான் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னேன், நீ காட்டினாய். எனக்கு நல்ல கையெழுத்தில் நாலு வரி எழுத வேண்டும் என்றுதான் அவர் முதல் மடக்கைக் குடித்திருக்கிறார். அதுதானே? இல்லை என்று பொய் எழுதாதே. உன் பொய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அந்த முதல் கோணல் வரி வந்த அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அளவு கொடுக்க வந்த பெண்ணை நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அது குடிக்காத கை என்று எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து குடிக்காத கையால் அவர் எனக்கு எழுதிய முதல் வரி அதுதான். அதை எழுதியிருக்கலாம். எனக்கு எழுத வந்தது கோழிதான்.

அனுப்பிய தாள் கிடைத்தது. வேதனையாக இருக்கும் என்று நினைத்தாய் அல்லவா? ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து முழுச் சாயந்திரமும் பார்த்தேன். நடுவில் இருப்பது எனக்கும் புரியவில்லை, வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஓரத்தில், எழுத்துகள் வழிந்து கீழே இறங்குகிற இடத்தில், ஒன்று மட்டும் படிக்க முடிந்தது. ஜனவரியில் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு நான் அதற்குப் பதிலே சொல்லவில்லை.

நாளை மறுநாள் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். கடையைப் பூட்டிவிட்டேன், சீருடைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். அவரைப் படகில் ஏற்ற வேண்டாம், தரைவழியாக நானே அழைத்து வருகிறேன். நான் வந்து சேரும்வரை தினமும் ஒரு வரி எழுதச் சொல். கை நடுங்கினால் நடுங்கட்டும், நீ பிடித்துவிடாதே, திருத்தாதே. எழுத்து ரொம்ப அழகாக இருக்கிறதாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

நான் சாப்பிட்டேன் என்றும் அவரிடம் சொல்.

அக்கா